மாதம்மாவின் மத்தியானத் தூக்கம்

போன புதன்கிழமை பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கரி பஸ் படுத்துவிட்டது. யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரியைத் தின்கிற பஸ்தான், உங்களுக்குத் தெரியாததா? டிரைவர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். நான் சாலையோரப் புளிக் கொட்டகையில் ஒதுங்கினேன்.

உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சிறு சுத்தியால் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டக்... டக்... புளிப்பு வாசனையும் வெயிலும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைத்தன. விழித்திருக்கிறேனா, கனவா? எனக்கே தெரியவில்லை.

அவர்களில் மாதம்மா என்பவள் புளி தட்டும் கல்லை ஒட்டி முப்பது வயது ஆள் ஒருவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் மகன் முனியன். உடம்பு வளர்ந்துவிட்டது, மனசு குழந்தையாகவே நின்றுவிட்டது.

"என் சுத்திச் சத்தம் நின்னா இவன் முழிச்சுக்குவானுங்க. ஒருக்கா கெணத்துப் பக்கமே ஓடிட்டான்" என்றாள். அதனால் அவள் கை நிற்பதே இல்லை. அன்றைக்கோ அவளுக்கு நல்ல காய்ச்சல்.

"ஒருநாள் லீவு போடக்கூடாதா?" என்று கேட்டுவைத்தேன். அசட்டுக் கேள்வி!

"வூட்டுல படுத்தாலும் இவன் இருக்கானுங்களே... நான் செத்துட்டா இவன எவ பாப்பா? அந்த ரோசனையிலயே தூக்கம் போச்சுங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பக்கத்துக் கல்லில் இருந்த பச்சையம்மா சட்டென்று அவள் சுத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். "நகருக்கா. நீ படு, நான் தட்டறேன்."

மாதம்மா அரைமனதாகச் சாய்ந்தாள். டக்... டக்... மற்றவர்களின் கை தானாக நின்றது. எல்லார் கண்ணும் முனியன்மேல்.

அவன் புரண்டான். வாயைச் சப்புக்கொட்டினான். மறுபடி குறட்டை!

எழுந்து உட்கார்ந்தது மாதம்மாதான். பச்சையம்மாவின் கையைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். அடுத்தவள் தட்டியும் தூங்குகிறானே! இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது சுத்தியை வேறு கையில் கொடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கொடுக்கத் தோன்றவில்லை. நம் வீட்டுத் தாய்மார்கள் மட்டும் என்னவாம்? தான் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள்... அந்த நம்பிக்கை நமக்கும் சௌகரியமாகத்தானே இருக்கிறது!

அவள் முகத்தில் இருந்தது சந்தோஷமா, ஏமாற்றமா? இரண்டும்தான். கண் கலங்கிவிட்டது.

"எனக்கப்பறமும் இப்பிடித் தட்டுவியாடி?"

"தட்டாம எங்க போவேன்? இப்பத் தூங்குக்கா!"