அடுத்த பேட்ச் முடியட்டும்

எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்தால் புரியாது என்று, டாக்டர் வாயால் சொன்னதை மனப்பாடம் செய்துகொண்டேன்.

என் மனைவிக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாகி, சேலத்தில் சேர்த்திருந்தோம். பித்தக் குழாயில் கல் அடைத்திருந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டே அதை எடுத்துவிட்டு, பித்தம் இறங்குவதற்குச் சின்ன பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே வைத்தார்கள். "அதை மூணு மாசத்துக்குள்ள எடுத்தே ஆகணும். அடுத்த வாரமே வாங்க, வயித்துல நாலு சின்ன ஓட்டை போட்டுப் பித்தப்பையை எடுத்துடலாம். இல்லைன்னா மறுபடியும் கல் இறங்கும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் வலி போய்விட்டது. அதுதான் வினை.

"நாளைக்குக் குஞ்சு இறங்குதுங்க. இந்த பேட்ச் முடியட்டும்" என்றாள்.

எங்கள் கோழிக் கொட்டாயில் எல்லாக் காரியமும் பேட்ச் கணக்குத்தான். கம்பெனி வண்டியில் குஞ்சு வந்து இறங்கி, வளர்ந்து, லாரியில் ஏறுகிற வரை கல்யாணம் காட்சிக்குக்கூட இருவரும் சேர்ந்து போனதில்லை.

"நான் பாத்துக்கறேன் புள்ள."

"நீங்களா? கரண்ட் போனதுக்கே குஞ்சையெல்லாம் உட்டுப்போட்டு என்னையத் தேடி ஓடியாந்தீங்களே!"

முதல் பேட்ச் போனது. இரண்டாவதும் இறங்கியது. நான் தினமும் அவள் கண்ணைப் பார்ப்பேன்; "ஆஸ்பத்திரிக்குப் போலாம் புள்ள" என்பேன்.

"கொட்டாய் மேல காக்கா உக்காந்தாலே உங்களுக்குக் காய்ச்சல் வந்துரும்" என்று சிரிப்பாள்.

நாலாவது மாதம், கோழி பிடித்து லாரியில் ஏற்றுகிற அன்று காலையில் அவளுக்குக் குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது. கண்ணில் பழைய மஞ்சள். லாரிக்காரரிடம் கொட்டாயை ஒப்படைத்துவிட்டுச் சேலத்துக்கு ஓடினோம். உள்ளே வைத்த குழாய் அடைத்துச் சீழ் பிடித்திருந்தது.

"கூட இருக்கிற நீங்க சொல்ல வேண்டாமா?" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். நூறு நாளும் அவளிடம் சொன்னவன் நான்தான்.

மறுபடியும் வாய் வழியாகவே குழாய் விட்டுச் சுத்தம் செய்து, உள்ளே இருந்த பிளாஸ்டிக் குழாயை மாற்றினார்கள். காய்ச்சல் நின்றதும் பித்தப்பையை எடுப்பதாகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்தவள் முதலில் கேட்டது:

"ஏனுங்க, அடுத்த குஞ்சு என்னைக்கு இறங்குது?"

"இறங்காது. வேண்டாம்னு கம்பெனி சூப்பர்வைசர்கிட்டச் சொல்லிட்டேன்."

"கொட்டாய் சும்மா கெடக்குமா?"

"கெடக்கட்டும்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போதுகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் போட்டாள்.