மாம்பலம் வரைக்கும்

காபி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் வைத்தீஸ்வரன் வேண்டாம் என்றுதான் சொல்வார். அதற்கு வேண்டாம் என்று அர்த்தமில்லை. ‘அட, கொஞ்சமா’ என்று இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போது, ‘சரி, அரை டம்ளர்’ என்பார். அவர் வளர்ந்த வீட்டில் அதுதான் மரியாதை. கேட்டவுடனே கையை நீட்டினால் பறக்காவெட்டி என்பார்கள். காபியோடு நிறுத்தினாரா இந்த மனுஷன்? கல்யாண வயசில் அண்ணன் வந்து, ‘பொண்ணு பார்க்கட்டுமாடா?’ என்றபோதும், ‘இப்ப என்னண்ணா அவசரம்’ என்றார். சரி என்று போன அண்ணன் போனவர்தான். அப்புறம் யாரும் கேட்கவில்லை. எழுபது வயதில், சேலையூரில் ஒரு சின்ன ஃபிளாட்டில், தனக்கு மட்டும் ரசம் வைத்துக்கொண்டிருக்கிறார்.

அதே தெருவில் இருக்கும் சத்யபிரியா, நோய்ப்பட்ட தெருநாய்களைத் தேற்றி நல்ல வீடு பார்த்துக் கொடுப்பவள். ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ஓரம் எலும்பும் தோலுமாகக் கிடந்த ஒரு செவலை நாயோடு ஒருநாள் வாசலில் வந்து நின்றாள்.

‘ஒரு வீடு கிடைக்கிற வரைக்கும் வச்சுக்கிறீங்களா சார்?’

‘அய்யய்யோ, வேண்டாம்மா.’

அன்று அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. ‘ப்ளீஸ் சார்’ என்று மறுபடியும் கேட்டாள். விடாமல் இன்னொரு தடவையும் கேட்டாள். ‘சரி, கொஞ்ச நாளைக்கு’ என்றார். சொக்கன் என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

சொக்கனுக்கு உணவுக்குழாய் தொளதொளவென்று ஆகிவிட்டிருந்தது. விழுங்கியது வயிற்றுக்கு இறங்காமல் பாதியில் தங்கித் திரும்பி வரும். நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. நிமிர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கென்று முன்னால் குறுக்குப் பலகை வைத்த மர நாற்காலி ஒன்று வந்தது. நாய் என்ன ஆபீஸரா, நாற்காலியில் சும்மா உட்கார? முதல் நாளே திமிறிக் குதித்து, தின்றதையெல்லாம் கக்கிவிட்டது.

அரை மணி நேரம் என்றால் வைத்தீஸ்வரனுக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான். தாம்பரத்தில் ஏறி மாம்பலத்தில் இறங்குவது. வேலையில் இருந்த காலம் முழுக்க மின்சார ரயிலில் அப்படித்தான் ஆபீஸ் போனார். நாயின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ‘தாம்பரம் விட்டாச்சுடா’ என்று ஆரம்பித்தார். சானடோரியம். குரோம்பேட்டையில் முண்டியடித்து ஏறும் கூட்டம். பல்லாவரத்தில் ஏறுகிற எலியேசர். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் விடாமல் தன் டப்பாவிலிருந்து ஆப்பத்தை எடுத்து நீட்டுவார், பாவம், செத்துப்போய்விட்டார். திரிசூலம் மலை. மீனம்பாக்கம். பழவந்தாங்கல். பரங்கிமலை. கிண்டி தாண்டினால் ஆற்று நாற்றம். சைதாப்பேட்டை. ‘மாம்பலம் வந்தாச்சு. எறங்குடா’ என்று பலகையை எடுத்துவிடுவார். சீக்கிரமே சொக்கனுக்குப் பழகிவிட்டது. மாம்பலம் என்று காதில் விழும்வரை அசையாது.

தினமும் மூன்று வேளை இப்படி. அந்த வீட்டுச் சுவர்கள் இவ்வளவு பேச்சைக் கேட்டதே கிடையாது. அவர் சந்தோஷமாக இருந்தார்.

மழைக்காலம் முடியும்போது சத்யபிரியா வந்தாள். ‘மேடவாக்கத்துல ஒரு கப்பிள் கேக்கறாங்க சார். இல்ல, நீங்களே வச்சுக்கிறீங்களா?’

நெஞ்சு துள்ளியது. வாய்தான் வழக்கப்படி முந்திக்கொண்டது. ‘சேச்சே, எனக்கெதுக்கும்மா? வேண்டாம்.’

இன்னொரு தடவை கேட்பாள் என்று நின்றார். அவளோ, பெரியவரை இதற்கு மேல் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைத்து, ‘புரியுது சார்’ என்று போய்விட்டாள். என்னத்தைப் புரிந்துகொண்டாளோ!

ஐடி வேலை பார்க்கும் சுப்ரஜாவும் அவள் கணவன் ஷ்யாம்சுந்தரும் காரில் வந்தார்கள். கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், மாத்திரை எப்போது, தூங்கும்போது தலைக்கு எத்தனை உயரம், எல்லாம் சொல்லிக் கொடுத்தார். ரயில் சமாச்சாரத்தை மட்டும் சொல்லவில்லை. நாயிடம் உட்கார்ந்து ஸ்டேஷன் பேர் சொல்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. சொக்கனையும் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு கார் கிளம்பிப் போனது. அன்று அவர் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுப்ரஜா போனில் அழுதாள். ‘சேர்ல ஒக்காரவே மாட்டேங்குறான் சார். குதிச்சுக் குதிச்சு எல்லாம் வாந்தி. ஒண்ணுமே உள்ள நிக்கல. ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. நீங்களே திரும்ப வச்சுக்கிறீங்களா சார்? ப்ளீஸ்.’

கேட்டுவிட்டாள். அவர் காத்திருந்த இரண்டாவது தடவை. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் சாயங்காலமே சொக்கன் வீட்டுக்கு வந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தேவிட்டது. ஆனால் போனில் பின்னால் ஷ்யாம்சுந்தர், ‘ஒரு வாய்டா செல்லம், ஒரே வாய்’ என்று கெஞ்சுவது கேட்டது. போன மாதம் சொக்கனைத் தூக்கும்போது தோள் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருமாகத் தரையில் விழுந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அது சின்ன வயசு நாய், இன்னும் எத்தனையோ வருஷம் இருக்க வேண்டியது. அத்தனை வருஷம் அதைத் தூக்கி உட்கார வைக்க இவரால் ஆகுமா?

‘வேண்டாம்மா’ என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அதற்கு வேண்டாம் என்றே அர்த்தம். ‘அவன நாற்காலில வைங்க. போன ஸ்பீக்கர்ல போடுங்க.’

பலகையில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது.

‘தாம்பரம் விட்டாச்சுடா.’

பிறாண்டல் நின்றது. சானடோரியம் என்றார். குரோம்பேட்டை என்றார். நாய் சப்புக்கொட்டிச் சாப்பிடுவது தெளிவாகக் கேட்டது. எலியேசர் அன்றைக்கும் ஆப்பம் கொடுத்தார். ‘அசையாம இருக்கான் சார்’ என்று சுப்ரஜா கிசுகிசுத்தாள். சைதாப்பேட்டை தாண்டியதும், சிக்னல் விழவில்லை என்று சொல்லி ரயிலை நிறுத்திவைத்தார். எவ்வளவு நேரம்தான் நிறுத்த முடியும்?

‘மாம்பலம் வந்தாச்சு. எறங்குடா.’

தொப்பென்று குதித்து ஓடும் காலடி கேட்டது. ஷ்யாம்சுந்தர் சிரித்தான்.

‘எல்லாத்தையும் ரெகார்ட் பண்ணிட்டேன் சார்’ என்றாள் சுப்ரஜா. ‘மூணு வேளையும் இதையே போட்டுடறோம். இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்.’

‘தொந்தரவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா’ என்றார் வைத்தீஸ்வரன்.

அதையும் அவள் மரியாதைக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, தேங்க்ஸ் சார் என்று போனை வைத்தாள்.