யாரும் பார்க்காத கட்டைவிரல்

என் அக்காவின் கணவர் போன வருடம் சிறுநீரகப் புற்றுநோயில் இறந்தார். நோயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது தன் வேலையைச் செய்தது. தங்கள் வேலையைச் செய்யாதவர்கள் மேல்தான் கோபம்.

மாமா லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்தவர்களுக்கு அவர் ‘எட்டாம் மாடி’. யார் போன் செய்தாலும், டீக்கடையில் நின்றுகொண்டே “எட்டாம் மாடியில இருக்கேன், வந்துடறேன்” என்பார். மூன்று மாடிக் கட்டடத்துக்கு வேலைக்குப் போன அன்றும் அதே பதில்தான். அவரை உத்தமர் என்று சொல்லமாட்டேன். மகா பிடிவாதம். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவார். ஆனால் அவர் சரிபார்த்த லிஃப்டில் என் பிள்ளைகளை யோசிக்காமல் ஏற்றுவேன்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கையில் அடிபட்டால் சூப்பர்வைசரிடம் சொல்வதில்லை. சொன்னால், காயம் ஆறியதாக டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை லிஃப்ட் குழிக்குள் இறங்க விடமாட்டார்கள். அதனால் ஒயருக்குச் சுற்றும் கறுப்பு டேப்பைக் காயத்தின் மேல் இறுக்கிச் சுற்றி, கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்கள். மாமாவின் ஏதாவதொரு விரலில் எப்போதும் டேப் இருக்கும். அக்காவும் அதைக் கண்டுகொள்வதை விட்டுப் பல வருடமாகிவிட்டது.

சிறுநீரில் ரத்தம் போனது. ஸ்கேனில் கட்டி தெரிந்தது, நுரையீரலுக்கும் பரவியிருந்தது. நோயுற்ற சிறுநீரகத்தை எடுத்துவிட்டு மருந்து ஆரம்பிக்கலாம் என்றார்கள். அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை. மாமா இடக்கையை நீட்டினார். வலக்கை பாக்கெட்டுக்குள் இருந்தது.

முடிவு வந்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“உடம்புல அழற்சி இருந்தா ஏறுற அளவுகள் இதெல்லாம். சி.ஆர்.பி. ரொம்ப ஏறியிருக்கு, வெள்ளணுவும் அப்படித்தான். இந்த நோய்ல இது நல்ல அறிகுறி இல்லம்மா. இப்படி இருக்கறவங்களுக்கு ஆபரேஷனாலயும் மருந்தாலயும் பெருசா பலன் கிடைக்கறதில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. வலிக்கு மாத்திரை தரேன்.”

“எவ்வளவு காலம் சார்?” என்றாள் அக்கா.

“சில மாசம்.”

மாமா வெளியே வந்ததும், “பசிக்குது, ஏதாவது சாப்பிடலாமா?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே அவரோடு வேலை பார்க்கும் கூட்டாளி வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரிக்கிற முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், உள்ளே நுழையும்போதே சத்தமாக ஆரம்பித்தார்.

“என்ன எட்டு, அன்னைக்குக் கதவுல நசுங்குன கட்டைவிரல் இருக்கா, கழண்டு விழுந்துடுச்சா?”

“எந்த விரல்?” என்றாள் அக்கா.

கூட்டாளி மாமாவைப் பார்த்தார். மாமா சுவரைப் பார்த்தார்.

“நான் கிளம்பறேன் அண்ணி.”

“நீங்க உட்காருங்கண்ணே” என்றவள் மாமாவிடம் திரும்பினாள். “நீங்க கையை எடுங்க வெளிய.”

டேப்பை அவளே பிரித்தாள். நகம் கறுத்து, விரல் வீங்கி, சீழ் உள்ளங்கை வரை இறங்கியிருந்தது. நாற்றம் அறைமுழுக்கப் பரவியது.

“ஆஸ்பத்திரியில ஏன் காட்டல?”

“கிட்னிக்குப் போன இடத்துல கட்டைவிரலக் காட்டச் சொல்றியா? சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டுமே! சிரிச்சா செத்தா போயிடுவீங்க?”

“அவங்க கேக்கல” என்றார் மாமா.

எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த வார்த்தைதான். அந்த அளவுகள் பொய்யல்ல. ஆயிரம் நோயாளிகளை வைத்துப் பார்த்தால், அழற்சி அதிகமுள்ளவர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது ஆயிரம் பேரைப் பற்றிய பேச்சு. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒருவர். அளவு ஏறியது கட்டியாலா, சீழ்பிடித்த ஒரு விரலாலா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் அங்கே ஒரு மனிதரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அக்கா அந்தக் கையை டாக்டரின் மேசைமேல் வைத்தாள்.

“ரத்தம் எடுக்கறப்பவே இப்படி இருந்துதா? முன்னாடியே சொல்லியிருக்கணும்ல?” என்றார் அவர்.

“இவர் சாகப்போறார்னு சொல்றதுக்கு முன்னாடி நீங்க இந்தக் கையைப் புடிச்சுப் பார்த்திருக்கணும்ல?”

சீழை எடுத்தார்கள். விரல் ஆறியபின் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அளவுகள் இறங்கியிருந்தன, நல்ல உடம்புக்காரனின் அளவுக்கு அல்ல, நடுவாந்தரமாக. நோய்க்கும் அதில் பங்கிருந்தது. ஆபரேஷன் செய்யலாம் என்றார்கள், செய்தார்கள். மருந்தும் தொடங்கியது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது அக்கா நன்றி சொல்லவில்லை. “இதே மாதிரி மாத்திரை கொடுத்து அனுப்பினவங்கள்ல, வேற எங்கயாவது புண்ணு இருந்தவங்க எத்தனை பேர் சார்?” என்று கேட்டாள்.

டாக்டர் “தெரியலம்மா” என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட நேர்மையான பதில் அது ஒன்றுதான்.

மாமா அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தார். கூட்டாளி அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், சில மாதங்களிலேயே அவர் போயிருப்பார். நோய்தான் கொண்டுபோய்விட்டது என்று நாங்களே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருப்போம்.