தலைகீழ் யானைக் கதவு

ஆப்கான் எல்லையை ஒட்டிய வக்ஷ் பள்ளத்தாக்கில் பால்காரி சவ்ரிமோவை மரியாதை தெரியாதவள் என்பார்கள். சொல்கிறவர்கள் யார் என்று பார்த்தால், போர்க்காலத்தில் அடுத்தவன் வீட்டுக் கூரைத் தகட்டைப் பெயர்த்துத் தன் வீட்டில் வேய்ந்துகொண்டவர்கள். அவர்களுடைய மரியாதை அவ்வளவு உசத்தி.

சவ்ரிமோவின் பெற்றோர் மலைக்காரர்கள். பருத்தி பயிரிட ஆள் வேண்டும் என்று அரசாங்கம் அவர்களை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து இறக்கியது. அவள் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, பருத்திப் பண்ணையில் மின்சார வேலை பார்த்த நூரிதீனைக் கட்டிக்கொண்டாள். மின்கம்பத்தில் சரசரவென்று ஏறுவான். வீட்டில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. முசுக்கட்டை மரக் கதவின் கீழ்மூலையைக் கன்று கடித்துத் தின்றபோது, யானை உருவம் புடைத்திருந்த இந்தியத் தேயிலை டப்பாவை வெட்டி அந்த இடத்தில் வைத்து அறைந்தான். யானை தலைகீழாக நின்றது. "எங்க வீட்டு யானை தண்ணி போட்டிருக்கு, பார்த்து வாங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள் சவ்ரிமோ.

தொண்ணூற்றிரண்டில் உள்நாட்டுச் சண்டை வந்தது. மலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் எதிரிகள் என்று ஒரே வாரத்தில் தீர்மானமாகிவிட்டது. நாற்பது வருடம் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தவர்களுக்கு அப்போதுதான் அந்த ஞானோதயம். சவ்ரிமோ இரண்டு பிள்ளைகளோடு ஆற்றைக் கடந்து ஆப்கான் பக்கம் ஓடினாள். பசுவை ஓட்டிக்கொண்டு பின்னால் வருகிறேன் என்ற நூரிதீன் வரவேயில்லை.

இரண்டு வருடம் கழித்துத் திரும்பியபோது வீட்டில் சுவர் மட்டும் மிச்சம். பக்கத்து வீட்டுத் தோஜிகுல் அன்றைக்கு வேலி இடுக்கால் பார்த்ததைச் சொன்னாள். முகத்தைத் துணியால் சுற்றிய நாலு பேர் முற்றத்தில் வைத்து நூரிதீனைச் சுட்டார்கள். மறுநாள் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்ததால் பிணம் அங்கே கிடக்கக்கூடாதாம். வீட்டுக் கதவைக் கழற்றி, அதில் அவனைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கே என்று தோஜிகுலுக்குத் தெரியாது. சவ்ரிமோவுக்கு அன்றிலிருந்து ஒரே வேலைதான்: கதவு போன இடத்தைக் கண்டுபிடித்தால் ஆள் போன இடம் தெரியும்.

கதவைக் கண்டுபிடிக்க அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. ஹஸ்ரத்குல் வீட்டு வாசலில் பச்சை வண்ணம் பூசிக்கொண்டு நின்றது. வண்ணத்துக்கு அடியிலிருந்து யானை தலைகீழாகவே புடைத்துக்கொண்டிருந்தது. ஹஸ்ரத்குல் போரில் அந்த வட்டாரத்துத் தளபதி. சமாதானம் வந்த பிறகு ஊர்த் தலைவர். துப்பாக்கியை இறக்கி வைத்த கையோடு ஊர் மனித உரிமைக் குழுவுக்கும் அவரே தலைவர். ஆட்டுக் கிடைக்கு ஓநாயைக் காவல் வைத்துவிட்டு, கிடை பத்திரம் என்று அறிக்கை எழுதுகிற காலம் அது.

சவ்ரிமோ விடிந்ததும் பால் ஊற்றிவிட்டு மனு கொடுக்கப் போவாள். இப்படி ஆறு வருடம். மாவட்ட அரசு வழக்கறிஞர் அவளை நிற்க வைத்தே பேசுவார்.

"சமாதானம் ஆயிருச்சுக்கா. பொது மன்னிப்புச் சட்டம் போட்டாச்சு. யாரையும் தண்டிக்க முடியாது."

"தண்டிங்கன்னு யாரு கேட்டா? எங்க புதைச்சாங்கன்னுதான் கேக்கறேன்."

"அதுக்குப் படிவம் இல்லையே."

"மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சுங்கிறீங்களே, யாரு மன்னிச்சது? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதெல்லாம் பெரிய விஷயம். உங்களுக்குப் புரியாது" என்பார் அவர். பால் காசு பாக்கி வைத்திருந்த ஆள்தான். அது மட்டும் அவருக்கு நன்றாகப் புரியும்.

கதவைப் பற்றி விசாரித்தபோது ஹஸ்ரத்குல் அசரவில்லை. "சந்தையில வாங்கினேன். உலகத்துல ஒரே ஒரு கதவுதானா இருக்கு?"

"கதவு நிறைய இருக்கு. தலைகீழா நிக்கிற யானை எத்தனை இருக்கு?" என்றாள் சவ்ரிமோ.

"பாவம், புருஷன் போன கவலையில புத்தி பேதலிச்சிருக்கு" என்று ஹஸ்ரத்குல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். விசாரணை அத்தோடு முடிந்தது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருடக் குளிர்காலத் தொடக்கத்தில் ஒரு வெளிநாட்டு அமைப்பு அந்த ஊருக்கு நீதி சொல்லித்தர வந்தது. கூடவே தலைநகர் துஷான்பேயிலிருந்து மனூசெர் என்று ஒரு வழக்கறிஞர், பளபளக்கும் காலணியோடு. மூன்று நாள் வகுப்பு. கழுத்தில் பெயரட்டை, சுவரெல்லாம் வண்ணத்தாள். அம்மாவையும் அண்ணனையும் இழந்தவர்களைக் குழு குழுவாகப் பிரித்து, 'நல்லிணக்கம்' என்றதும் மனத்தில் தோன்றும் பழத்தின் படத்தை வரையச் சொன்னார்கள். சவ்ரிமோ வெற்றுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் ஹஸ்ரத்குல் வீட்டு முற்றத்தில் நல்லிணக்க விருந்து. ஆட்டுக்கறியும் கேரட்டும் போட்டு ஓஷ் சோறு. ஒருவர் வீட்டு உப்பைத் தின்றவர் அந்த வீட்டைப் பற்றிப் பிறகு வாய் திறக்கக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதனால்தான் அத்தனை பெரிய அண்டா. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே ஓர் ஆளையே மறைக்கச் சோறு கிளறியிருந்தார்கள்.

சவ்ரிமோ வந்து, வீட்டு வாசலுக்கு நேரெதிராக உட்கார்ந்தாள். தட்டில் கை வைக்கவில்லை. எல்லார் வாயிலும் சோறு போகும்வரை காத்திருந்தாள்.

"தலைவரே, உங்க வீட்டுக் கதவு ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

அந்த ஊரில் விருந்தாளி ஒரு பொருளை மெச்சினால் வீட்டுக்காரர் 'அது உங்களுக்கே' என்று சொல்லியாக வேண்டும். விருந்தாளி 'ஐயோ, நீங்களே நல்லா வெச்சு அனுபவிங்க' என்று சொல்லியாக வேண்டும். இரண்டும் வெறும் வாய்ப்பேச்சு. யாரும் எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. ஐம்பது வருடப் பழக்கத்தில் ஹஸ்ரத்குலின் நாக்கு அவரைக் கேட்காமலே புரண்டது.

"உங்களுக்கே தந்தேன் அக்கா."

மீதிப் பாதிக்காக முற்றமே காத்திருந்தது.

"சரி, எடுத்துக்கறேன்" என்றாள் சவ்ரிமோ. கம்பளிச் சட்டைப் பையிலிருந்து நூரிதீனின் திருப்புளியை எடுத்தாள். வெளியே அவள் மகன் கழுதை வண்டியோடு நின்றிருந்தான்.

ஹஸ்ரத்குல் சிரித்துப் பார்த்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை. விஷயத்தை மொழிபெயர்த்துச் சொன்னதும் வகுப்பு நடத்திய வெளிநாட்டு அம்மாள் கை தட்டினாள். மனூசெருக்கோ கரும்பு தின்னக் கூலி கிடைத்த மாதிரி. "போர்க்காலத்தில் எடுக்கப்பட்ட சொத்து உரியவரிடம் ஒப்படைப்பு" என்று அங்கேயே ஒரு தாளில் எழுதி நீட்டினார். ஒரு கதவு போனால் என்ன, பெயர் வருகிறதே என்று தலைவரும் கையெழுத்துப் போட்டார். படம் எடுத்தார்கள். கதவு கீலிலிருந்து கழன்று வந்தது.

சவ்ரிமோ அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"கதவு என்னுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இதுல ஒருத்தரைப் படுக்க வெச்சுத் தூக்கிட்டுப் போனீங்களே, அவரை எங்க இறக்குனீங்க?"

ஹஸ்ரத்குல் கையில் இருந்த கறித்துண்டைப் பார்த்தார். "அதுக்குத்தான் மன்னிப்புச் சட்டம்..." என்று இழுத்தார்.

மனூசெர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அக்கா, அந்த விஷயம் இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல. மனசு புண்படாம பேசுவோம்."

"யாரு மனசு, தம்பி?"

எங்கே இறக்கினார்கள் என்பதற்கு அண்டாவுக்குப் பக்கத்திலிருந்துதான் பதில் வந்தது. ஹஸ்ரத்குலின் மனைவி மோஹிரா கரண்டியோடு எழுந்து நின்றாள். மூன்று நாளும் தேநீர் ஊற்றினாளே தவிர, அவளுக்கு யாரும் பெயரட்டை தரவில்லை.

"பழைய பம்பு கொட்டாய்க்குப் பின்னாடி. அன்னைக்குச் சாயங்காலம் கதவைக் கொண்டாந்து என்கிட்டத்தான் கழுவக் குடுத்தாங்க. அந்தக் கொட்டாய் எண்ணெயும் வாய்க்கால் சேறும் ஒட்டியிருந்துச்சு. மூணு தரம் கழுவியும் போகாமத்தான் பச்சை அடிச்சாரு."

"வாயை மூடுடி" என்றார் ஹஸ்ரத்குல்.

"ஒம்போது வருஷமா மூடித்தான் இருந்தேன்" என்றாள் மோஹிரா. சவ்ரிமோ பக்கம் திரும்பி, "தூக்கிட்டுப் போங்கக்கா. தினம் இதைத் திறந்து மூடி எனக்குக் கை கூசுது" என்றாள்.

மறுநாள் பம்பு கொட்டகைக்குப் பின்னால் தோண்டினார்கள். மின்வேலைக்காரனின் தோல் இடுப்புப் பட்டை மட்காமல் இருந்தது. அதை வைத்து அடையாளம் சொன்னாள். கிடைத்த எலும்புகளைத் துணியில் சுற்றி, அதே கதவில் வைத்து இடுகாட்டுக்குத் தூக்கிப் போனார்கள். மனூசெர் ஊருக்குத் திரும்பி அறிக்கை எழுதினார். 'ஒப்படைக்கப்பட்டவை' என்பதற்குக் கீழே 'கதவு, ஒன்று' என்று இருந்ததாம்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் ஒரு பழைய மெத்தை விரிப்புதான் தொங்கியது. அவருக்குக் கதவு செய்து தர ஒரு தச்சனும் வரவில்லை. காற்று அடிக்கும்போதெல்லாம் விரிப்பு விலகி, உள்ளே அடுப்போரம் சுருண்டு உட்கார்ந்திருக்கும் ஹஸ்ரத்குல் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் தெரிவார். சவ்ரிமோ தினமும் பால் தூக்கோடு அந்த வழியாகத்தான் போனாள். ஒருநாள்கூட அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.