கப்பலேறிய சண்முகத்தாய்

சிங்கப்பூரில் கப்பலேறும்போது எங்கள் கூட்டத்தில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். சோறு கிடைக்குமா, வாந்தி வருமா, கழிவறையில் தண்ணீர் இருக்குமா என்று. சண்முகத்தாய் கேட்டது ஒன்றுதான். பினாங்கில் இறங்க விடுவார்களா?

விடுவார்கள் என்று நான் சொன்னேன். அதன் பிறகு அவள் வேறெதையும் கேட்கவில்லை.

2007ஆம் வருடம் தீபாவளி சீசன் முடிந்த கையோடு நடந்தது இது. சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் சங்கரபாண்டியன், சரக்கு நன்றாக எடுத்த ஏஜெண்டுகளைக் கப்பலில் சுற்றுலா கூட்டிப்போனார். அவருடைய தாயார் லட்சுமிகாந்தம் அம்மாள் தானும் வருவேன் என்று நின்றுவிட்டார். சர்க்கரை நோய், இடுப்பு எலும்பு முறிந்து சக்கர நாற்காலி. அவரைக் கவனிக்க நான். மதுரையில் நோயாளிப் பராமரிப்புப் படித்துவிட்டு, இத்தனை வருடம் பிறர் வீட்டுக் கட்டில்களின் பக்கத்திலேயே காலம் தள்ளியவள். தூக்கி உட்கார வைக்க இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்றேன். பெரியம்மா என்று நாங்கள் கூப்பிடும் அவர் யோசிக்கவே இல்லை. “எங்க போர்மேனைக் கூப்பிடு” என்றார்.

அந்தப் போர்மேன்தான் சண்முகத்தாய். ஆனைக்குட்டத்தில் கூலி விவசாயியின் மகளாகப் பிறந்தவள். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டினாள். விஸ்வநத்தத்தில் வாக்கப்பட்டு, புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு பட்டாசு ஆலைக்குள் நுழைந்தாள். திரி வைத்தாள், சரம் பின்னினாள். பெண்கள் அவள் சொன்னால் கேட்டார்கள். அதனால் அவளையே மேற்பார்வைக்கு வைத்தார்கள். ஒரு வருடம் ஓர் அறையில் தீப்பிடித்தது. நாலு பக்கமும் கதவு இருந்தும், உள்ளே இருந்த பெண்கள் வெளியே ஓடாமல் பயத்தில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் பிழைக்கவில்லை. அதில் அவளுடைய நாத்தனார் தங்கத்தாயும் ஒருத்தி.

அன்றிலிருந்து மாதம் ஒருமுறை ஆலைச் சங்கை ஊதச் சொல்லி எல்லோரையும் ஓடவிட்டுப் பழக்குவாள். செருப்பைக் கழற்றி எறி, கையில் இருப்பதைக் கீழே போடு, கூடி நிற்காதே, ஆளுக்கொரு திசையில் ஓடு, திரும்பிப் பார்க்காதே. கணக்கு எழுதுகிறவரும் ஓட வேண்டும், ஆர்டர் கொடுக்க வந்த ஏஜெண்டும் ஓட வேண்டும். ஒருமுறை முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அவளுக்கு ஒரே மகன், கதிரவன். பினாங்கில் வெல்டர். மூன்று தீபாவளியாக ஊருக்கு வரவில்லை. விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும் என்ற நிலை. கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்கும் என்று தெரிந்ததும் போனில் சொல்லிவிட்டாள். அவனும் அந்த ஒரு நாளுக்கு மட்டும் எப்படியோ அனுமதி வாங்கி, துறைமுக வாசலில் நிற்பதாகச் சொல்லியிருந்தான். பெரியம்மாவைத் தூக்குவது, உடை மாற்றுவது எல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை.

கப்பலில் பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அது அறைக்கு வந்து சேர நேரமாகும். அதனால் இன்சுலின், மாத்திரை, ஒரு மாற்றுச் சேலை மூன்றையும் தோள்பையிலேயே வைத்துக்கொண்டேன். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் இதை மறக்கக்கூடாது. குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் புண்ணியமில்லை. கப்பல் நகருமுன் போட வேண்டும். பெரியம்மாவுக்குப் போட்டுவிட்டு, மேல்தளத்தில் நிழலில் நாற்காலியை நிறுத்தினேன். சண்முகத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சங்கு ஊதியது.

கப்பல் புறப்படுமுன் எல்லாப் பயணிகளுக்கும் பயிற்சி உண்டு. சங்கு கேட்டதும் உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவரவருக்குச் சொன்ன மண்டபத்தில் கூட வேண்டும். முதலாளி மகன் மகேஷ்குமார் காலையிலேயே சொல்லியிருந்தான். ஆனால் சண்முகத்தாயின் காது அந்தச் சத்தத்தை வேறு விதமாகக் கேட்டுப் பழகியது. செருப்பைக் கழற்றி எறிந்தாள். பெரியம்மாவின் நாற்காலியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு கப்பலின் பின்கோடிக்கு ஓடினாள். ஓடிக்கொண்டே சத்தம் போட்டாள்.

“கூடாதீக, கூடாதீக! பிரிஞ்சு ஓடுங்க!”

எங்கள் ஏஜெண்டுகள் அத்தனை பேரும் பட்டாசு அறையிலிருந்து வளர்ந்து வந்தவர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் சிதறினார்கள். தாயில்பட்டி முத்துப்பாண்டி நீச்சல் குளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நாகையா என்ற பெரியவர் படியேறி எங்கேயோ போய்விட்டார். மற்ற நாட்டுப் பயணிகள் ஆரஞ்சுச் சட்டையோடு ஒரு பக்கம் வரிசையாகப் போக, சிவகாசிக்காரர்கள் வெறுங்காலோடு நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் கொஞ்ச தூரம் ஓடினேன், பெரியம்மாவுக்குப் பின்னால். நாற்காலியில் அவர் ஆடிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கப்பல்காரர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தலைக்கணக்கில் எங்கள் கூட்டமே குறைந்தது. ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவர் மகேஷ்குமாரிடம் பேசினார். நல்ல மனிதர்தான், கத்தவில்லை. தவறியவர்களுக்கு மறுபடி பயிற்சி வைப்போம், அதற்கும் வராதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

ஏஜெண்டுகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் போனார்கள். சண்முகத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள். நாடகம் நடக்கும் மண்டபம் அது. சன்னல் கிடையாது, தரையெல்லாம் கம்பளம், உள்ளே நெருக்கிப் பிடித்து ஜனம். சங்கு ஊதினால் இந்த மாதிரி இடத்திலிருந்து வெளியே ஓடு என்று வருடக்கணக்காகப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளை, சங்கு ஊதினால் இதற்குள் போ என்கிறார்கள்.

“நான் உள்ள வர மாட்டேன்” என்றாள்.

மகேஷ்குமார் கெஞ்சிப் பார்த்தான். “அக்கா, வரலைன்னா எறக்கி விட்ருவாங்க. பினாங்கு போக முடியாது.”

அவள் வாசலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். முகம் வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. மகன் வந்து நிற்பானே என்று ஒருதரம் சொன்னாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மகேஷ்குமார் அதிகாரியைப் பார்த்தான். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பயந்து போனவர்களிடம் பயப்படாதே என்று சொல்வது வீண். ஸ்கேன் எடுக்கப் பயப்படுகிற நோயாளியிடம், உள்ளே என்ன நடக்கும், ஏன் நடக்கும் என்று சொன்னால்தான் வேலையாகும். நானும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முட்டி இருக்கிற இருப்புக்கு அது லேசான காரியமில்லை.

“இங்கன வெடிச்சா எங்க ஓடுறது அக்கா?” என்றாள்.

“இது வெடிமருந்து அறை இல்ல, வெடிக்காது. கப்பலுக்கு முழுகுறதுதான் பயம்.”

“முழுகினா?”

“ஓடுறதுக்கு எடம் ஏது? சுத்தித் தண்ணி. படகுலதான் ஏறணும். நீ தனியா எங்கயோ போய் நின்னேன்னு வை, உன்னத் தேடி ஒருத்தன் அலைவான். படகுல ஏறுனவுக அம்புட்டுப் பேரும் உனக்காகக் காத்துக் கெடப்பாக.”

அவள் எட்டி, உள்ளே நெருக்கி நின்ற ஜனத்தைப் பார்த்தாள்.

“அப்ப ஒருத்தி வராட்டா மத்தவுகளுக்கும் கேடுதானா?”

“ஆமா.”

“அங்கன கூடினாச் சாவு. இங்கன பிரிஞ்சாச் சாவா?” என்றாள். என்னிடம் கேட்ட மாதிரித் தெரியவில்லை. “மொதல்லயே இப்பிடி வெவரமாச் சொல்லித் தொலைச்சா என்ன?”

எழுந்தாள். ஆனால் நேரே உள்ளே போகவில்லை. வாசல் கதவைத் தள்ளி, எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்தாள். வேறு கதவுகள் எங்கே என்று கேட்டாள். மகேஷ்குமார் மொழிபெயர்க்க, அதிகாரி ஒவ்வொன்றாகக் கை நீட்டிக் காட்டினார். அவளும் ஒவ்வொன்றாகப் போய்த் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த மனிதர் பொறுமையாகக் கூடவே நடந்தார். அதற்குப் பிறகுதான் சட்டையை மாட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

உள்ளே முத்துப்பாண்டி விட்டாரா? “ஒன் பேச்சக் கேட்டு ஓடுனதுல என் செருப்பு கடலுக்குள்ள போச்சு, சம்முகத்தாயி.”

“செருப்பக் கழத்திப் போட்டுட்டு ஓடுனீகள்ல, அதுல நீங்க பாஸு அண்ணாச்சி. இப்ப வாய மூடிக்கிட்டு வரிசைல நில்லுங்க.”

நின்றார். எல்லோரும் நின்றார்கள். கதவை மூடினார்கள். மறுபடி சங்கு ஊதியபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வழக்கமாகப் பிறர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பவள் நான். அன்று சத்தம் நிற்கும் வரை என் கை அவள் பிடியில் இருந்தது. அடுத்த நாள் காலையில் அந்த இடம் கன்றிப் போயிருந்தது. ஆனால் சங்கு ஊதியபோது அவள் கால் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

பினாங்கில் வெயில் சுள்ளென்று அடித்தது. ஊர் சுற்றிக் காட்டப் பேருந்து ஏற்பாடு செய்திருந்தார்கள். பெரியம்மா தனக்குத் தலை வலிக்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் துறைமுகத்திலேயே இருக்கிறோம் என்றார். நான் மருந்து கொடுக்கவில்லை.

கதிரவன் வாசலுக்கு வெளியே, ஒரு தூணை ஒட்டி நின்றிருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. சண்முகத்தாய் ஓடவில்லை. சாவகாசமாக நடந்து அவன் முன்னால் போய் நின்றாள்.

“கையக் காட்டுலே.”

ஆலை வாசலில் வேலை முடிந்து போகிற பெண்களைத் தினமும் அப்படித்தான் நிறுத்துவாள், காயம் பட்டதை மறைக்கிறார்களா என்று பார்க்க. அவன் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் நீட்டினான். வெல்டிங் பொறி பட்ட தழும்புகள் மணிக்கட்டு வரை புள்ளி புள்ளியாக இருந்தன. திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை விடாமல் மறுபடியும் முதல் விரலிலிருந்து ஆரம்பித்தாள்.

நான் பெரியம்மாவின் நாற்காலியை நிழலுக்குத் திருப்பினேன். கப்பல் கிளம்பச் சாயந்திரம் ஆகும்.