ஜோகுபாளையத்து மாடியில் பதினொன்றாம் எண் படம்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெங்களூருக்குப் போனேன். அழைப்பு என்னவோ சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத்தான். ஒரு நாள் முன்னதாக, யாரிடமும் சொல்லாமல் போனதற்குக் காரணம் உண்டு. நான் முப்பத்தோரு வருடம் காப்பீட்டு சர்வேயராக இருந்தவன். வண்டி மோதிவிட்டது, கடை எரிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நேரில் போய், இழப்பு உண்மைதானா, எவ்வளவு என்று பார்த்து அறிக்கை எழுதுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு வேலூரிலிருந்து போய்வரக்கூடிய இடங்களைப் பற்றி இந்த வலைப்பூவில் எழுதுகிறேன். வேலை விட்டுப்போனது, சந்தேகம் போகவில்லை என்று வீட்டில் சொல்வார்கள்.

என் மகள் பவித்ராவுக்கு முப்பது வயது. பெங்களூரில் ஏழு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். போன வருடம் அதை விட்டுவிட்டுப் படம் வரைய உட்கார்ந்தாள். இப்போது ஜோகுபாளையத்தில் ஒரு சின்ன கேலரி அவளுடைய ஓவியங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்துகிறது என்றாள். பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஏன் சுவரைக் கொடுக்கிறார்கள்? புதியவர்களிடம் பணம் கறந்துகொண்டு படம் மாட்டுகிற இடங்கள் இருப்பதாக எங்கோ படித்திருந்தேன். போனில் கேட்டேன்.

“உன்கிட்ட பணம் எதுனா கேட்டாங்களா?”

“இல்லப்பா. வித்தா பாதி அவங்களுக்கு.”

“விக்கலன்னா?”

“விக்கலன்னா ஒண்ணும் இல்ல.”

இந்தப் பதிலில் என் சந்தேகம் இரண்டு மடங்கானது. லாபம் இல்லாமல் சுவரைக் கொடுக்கிறவரை என் சர்வீஸில் பார்த்ததில்லை. மனைவி கமலாவிடம் ஆம்பூரில் பழைய தீ விபத்துக் கேஸில் ஒரு கையெழுத்துப் பாக்கி, ராத்திரி தங்கவேண்டி வரலாம் என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தேன்.

காட்பாடியில் காலை 7.10க்கு ரயில். முன்பதிவோடு இருக்கைக்கு 110 ரூபாய். ஜோலார்பேட்டையில் இட்லிப் பொட்டலம் வாங்கினேன். நான்கு என்றார் விற்றவர். பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன். நான்குதான் இருந்தது. பங்காருப்பேட்டையில் சிக்னலுக்காகப் பன்னிரண்டு நிமிடம் நின்று, கண்டோன்மென்ட் நிலையத்தில் 10.55க்கு இறங்கினேன். ஜோகுபாளையம் போகிறவர்கள் கண்டோன்மென்ட்டிலேயே இறங்கிவிடுவது நல்லது, கடைசி நிலையம் வரை போனால் திரும்பி வரவேண்டும்.

ஆட்டோக்காரர் 180 கேட்டு 130க்கு இறங்கினார். ஐந்து கிலோமீட்டர் சொச்சம். நான் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். இரண்டாவது திருப்பத்திலேயே கண்ணாடியில் என்னைப் பிடித்துவிட்டார்.

“இன்னா சார், மேப்பு பாத்துனே வர்றீங்க? நான் எங்க கூட்டினு போய்ட போறேன்?”

“வழக்கம்தான். ஒண்ணுமில்ல.”

“எங்க அப்பா கோலார் மைன்ஸ்ல பூமிக்கு அடியில மேப்பு இல்லாம போய் வந்தாரு சார். நீங்க ரோட்டு மேல இவ்ளோ பயப்படறீங்க.” நீலசந்திராவில் குடியிருப்பதாகச் சொன்னார். சிரித்துக்கொண்டே, வரைபடம் காட்டியதைவிடக் குறுக்கு வழியில் பதினெட்டு நிமிடத்தில் கொண்டுபோய் விட்டார். அதற்கும் ஏதாவது காரணம் இருக்கும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கேலரியின் பெயரை நான் எழுதவில்லை. அதை நடத்துகிறவர் வலைப்பூ விளம்பரம் வேண்டாம் என்றார். கீழே ஒரு தையற்கடை, பக்கவாட்டில் இரும்புப் படிக்கட்டு, மாடியில் இரண்டு அறை. அவ்வளவுதான் இடம். கதவில் ‘இன்று விடுமுறை’ என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அட்டை தொங்கியது. கதவு மட்டும் திறந்திருந்தது. விடுமுறை என்றால் ஏன் திறந்திருக்கிறது? உள்ளே ஒரு பெண்மணி, நாற்பத்தைந்து வயது இருக்கும், வெட்டிய முடி, கையில் சுவர் ஓட்டையை அடைக்கும் பட்டியின் வெள்ளைப் பொடி. “வாங்க சார்” என்றார். பெயர் கேட்கவில்லை, எங்கிருந்து என்று கேட்கவில்லை. படங்களின் பட்டியல் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஐந்து நிமிடத்தில் டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை நோய் என்று இவருக்கு எப்படித் தெரியும்? டீயை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

மொத்தம் பதினான்கு படங்கள். மூன்று வண்ண ஓவியங்கள், மற்றவை பென்சிலும் கரியும். சுவரில் எண் மட்டும்தான் உண்டு. பெயரும் அளவும் கையில் உள்ள தாளில் இருக்கும். முதல் படம் எங்கள் வீட்டுப் பால் குக்கரின் நசுங்கிய மூடி. இரண்டாவது ஒரு கால் உடைந்து நூல் கட்டிய கமலாவின் மூக்குக் கண்ணாடி. மூன்றாவது, பெரியது, வண்ணத்தில், எரிந்துபோன ஜவுளிக் கடையின் ஷட்டர். சிறுமியாக இருந்தபோது அந்தக் கடைக்கு அவளை அழைத்துப் போயிருக்கிறேன், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு படத்திலும் சேதமான பொருளின் பக்கத்தில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல் ஒன்று வரையப்பட்டிருந்தது.

அது என் ஸ்கேல். சேதத்தைப் புகைப்படம் எடுக்கும்போது பக்கத்தில் அதை வைத்துத்தான் எடுப்பேன், பிறகு யாரும் சின்ன நசுங்கலைப் பெரிதாகச் சொல்லக்கூடாது என்பதற்காக. நான்காம் அங்குலத்தில் இருக்கும் துருக்கறையைக்கூட அவள் விடவில்லை. மூக்கைப் படத்துக்கு அருகில் கொண்டுபோய்க் கோடுகளை எண்ணினேன். சரியாக இருந்தன. எனக்கு எரிச்சலாக வந்தது. என்னைக் கேலி செய்கிறாளா, அதுவும் ஊர் முன்னால்?

இப்படியே பதினொன்றுக்கு வந்தேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மேலே திறந்த பள்ளிப் பை. அதிலிருந்து எடுத்த பொருட்கள் வரிசையாக: ஜாமெட்ரி பாக்ஸ், தண்ணீர் பாட்டில், இரண்டு நோட்டு, பஸ் பாஸ், தலைக்கு மாட்டும் கிளிப், பாதி ரப்பர். மேசை முழுவதும் மரத்தின் ரேகை தெரியக் கரியால் தீட்டியிருந்தாள். நடுவில் ஒரு செவ்வகம் மட்டும் தீட்டாமல் வெறும் காகிதமாக விட்டிருந்தது. ஸ்கேல் அந்த வெற்றிடத்தின் பக்கத்தில் இருந்தது.

அந்த இடத்தில் என்ன இருந்தது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று பன்னிரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பிளஸ் டூ முடித்த சமயம். யாரோ ஒரு பையனோடு பேசுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் காயும் துணியை எடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டு அவள் பையில் இருந்ததையெல்லாம் மேசையில் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தேன். கடிதம் எதுவும் இல்லை. சென்னையில் ஓர் ஓவியக் கல்லூரிக்கு எழுதி முடித்த விண்ணப்பம் இருந்தது, போட்டோ ஒட்டி, மடிக்காமல். யோசித்துச் சொல்லலாம் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு அதை என் கேஸ் கட்டு ஒன்றுக்குள் வைத்தேன். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளும் அவள் வீடு முழுக்கத் தேடினாள். நானும் கூடத் தேடினேன். பீரோவின் அடித்தட்டுக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பிறகு அவள் நான் சொன்ன இன்ஜினியரிங் கல்லூரிக்குப் போனாள்.

மோதப்பட்ட வண்டியைப் பார்த்தே மோதிய வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்வது என் தொழில். படத்தை அப்படிப் பார்த்தேன். பாட்டிலின் வாய் அகலமாகத் தெரிந்தது, அப்படியானால் பார்த்த கண் உயரத்தில் இருந்திருக்கிறது. மேசையின் இடது மூலை முன்னுக்கு வந்திருந்தது. எங்கள் வீட்டில் அந்த மேசை அந்தக் கோணத்தில் தெரிய ஒரே இடம்தான் உண்டு. மாடிப்படி. மேலிருந்து ஐந்தாவதோ ஆறாவதோ படி. துணியை எடுத்துக்கொண்டு இறங்கியவள் அங்கே நின்றிருக்கிறாள்.

இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன். கேலரிப் பெண்மணி ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அப்போதுதான் பெயர் சொன்னார், ஜெசிந்தா. அவர் குடும்பமும் கோலார் தங்கவயலிலிருந்து வந்ததுதான்.

“உக்காருங்க அங்கிள். நீங்க பவித்ராவோட அப்பா.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவதான் சொன்னா. அப்பா நாளைக்கு வரமாட்டாரு, வெள்ளிக்கிழமையே செக் பண்ண வந்துருவாருன்னு. இன்னிக்கு எங்களுக்கு லீவு. உங்களுக்காகத்தான் தொறந்து வெச்சேன். கூட யாரும் இருக்கக்கூடாதுன்னு சொன்னா. டீயில சக்கரை போடாதன்னும் சொன்னா.”

ஜன்னல் விளிம்பில் ஆறிப்போயிருந்த டீயை எடுத்துக் குடித்தேன்.

“இன்னொண்ணும் சொல்லச் சொன்னா,” என்றார். “பதினொண்ணாம் நம்பர் உங்களுக்கு வேணாம்னா நாளைக்கு ஓபனிங்குக்கு முன்னாடி எறக்கிடறேன். அந்த முடிவு உங்களோடது. அதுல என்ன இருக்குன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல. உங்கள ஏன் வரையலன்னு மட்டும் கேட்டேன். அவர் வேணாம், மேசை போதும்னுட்டா.”

இறக்கிவிடுங்கள் என்ற சொல் வாய்வரை வந்தது. நாளை கமலா வருகிறாள். அவளுக்குத் தெரியாது. இறக்கிவிட்டால் எப்போதும் தெரியப்போவதில்லை. இதுவும் ஒரு சோதனையோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன், என் புத்தி அப்படி. சாப்பிட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்று படியிறங்கினேன்.

இரண்டு தெரு தள்ளி ஒரு மெஸ்ஸில் சாப்பாடு 90 ரூபாய். ரசம் நன்றாக இருந்தது என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் கைகழுவிவிட்டு வெளியே வந்து கமலாவைக் கூப்பிட்டேன்.

“ஆம்பூர் வேலை முடிஞ்சிதா?”

“நான் பெங்களூர்ல இருக்கேன்.” எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நிமிடம் ஆனது.

“அந்த ரெண்டு நாளு நானும்தான பரண்ல ஏறித் தேடினேன்,” என்றாள் கடைசியில். “நீங்கதான ஏணியப் புடிச்சிக்கினு நின்னீங்க.” போனை வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பிப் போய் ஜெசிந்தாவிடம் படம் இருக்கட்டும் என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு ஏணியை மடித்து உள்ளே வைத்தார். அன்று அல்சூர் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினேன், 1100 ரூபாய், அறை சுத்தம்.

சனிக்கிழமை மாலை முப்பது பேர் இருக்கும், அதற்கே இடம் போதவில்லை. கமலா பதினொன்றின் முன்னால் நெடுநேரம் நின்றாள், என் பக்கம் திரும்பாமல் பன்னிரண்டுக்குப் போனாள். பவித்ரா வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “டீ குடிச்சீங்களாப்பா” என்றாள். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் ஓர் இளம்பெண் அவளை அந்தப் படத்துக்கு இழுத்துவந்து, இந்த வெற்றிடத்தில் என்ன, முடிக்காமல் விட்டீர்களா என்று கேட்டாள். பவித்ரா கீழே பார்த்தாள். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“அங்க ஒரு காலேஜ் அப்ளிகேஷன் இருந்திச்சிம்மா. அவளோடது. நான்தான் எடுத்தேன்.”

இரண்டு அறையிலும் பேச்சு நின்றது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. அந்தப் பெண் மட்டும் “ஓ” என்று சொல்லிவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தாள். பவித்ரா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஹலசூரு (அல்சூர்தான்) மெட்ரோவிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம், ஆட்டோ தேவையில்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது, கையெழுத்து நோட்டில் பெயர் எழுதுவது உங்கள் விருப்பம். எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படம் விற்றுவிட்டது. கரிப் படங்களின்மேல் மூச்சு படும்படி நிற்காதீர்கள், ஜெசிந்தா சொல்லமாட்டார், ஆனால் கவலைப்படுவார். சின்ன கேலரிகளில் எந்த நாள் விடுமுறை என்று முன்னதாகக் கேட்டுக்கொண்டு போங்கள். உங்களுக்காக யாராவது திறந்து வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கூட்டத்தோடு பார்ப்பதைவிடத் தனியாகப் பார்ப்பது நல்லது. இது என் அனுபவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பவித்ரா கண்டோன்மென்ட் வரை வந்தாள். கமலா பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் பிளாட்பாரத்தில் நின்று, இரண்டு நாளாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன்.

“நான் எடுத்தது உனக்கு அப்பவே தெரியும் இல்ல. அப்புறம் எதுக்கும்மா ரெண்டு நாளு அப்படித் தேடின?”

“நீங்க திருப்பி வெப்பீங்கன்னுதான்ப்பா,” என்றாள். “பீரோ மேல, நியூஸ் பேப்பருக்கு அடியில, எங்கனா. வெச்சிருந்தீங்கன்னா நானே கண்டுபுடிச்ச மாதிரி எடுத்துனு போயிருப்பேன்.”

ரயில் கிளம்பியது. அது எங்கே எத்தனை நிமிடம் நின்றது, காட்பாடிக்கு எத்தனை மணிக்கு வந்தது என்று வழக்கமாக எழுதுவேன். இந்த முறை நான் பார்க்கவில்லை.