பித்தளைச் சீப்பும் உப்புக்காற்றும்

கோரைமுடிக்காரிக்குச் சுருட்டை மேல் ஆசை, சுருட்டைக்காரிக்குக் கோரைமுடி மேல் ஆசை. இந்த இரண்டு ஆசைக்கும் நடுவில்தான் என் கும்முட்டி அடுப்பு எரிந்தது. எண்ணெய் தடவி, தண்ணீர் தொட்டு, ரிப்பனால் இறுக்கிக் கட்டியும் மத்தியானத்துக்குள் தலை சிலிர்த்துக்கொண்டு நிற்பதைக் கண்ணாடியில் பார்த்து அழுதவரா நீங்கள்? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

நான் தொழில் படித்தது கொழும்பில். ஒரு பறங்கித் துரைசானி வீட்டில் ஆயாவாக இருந்தேன். அந்த வீட்டுப் பெண்கள் மூன்று பேருக்கும் ஞாயிறு பூசைக்கு முன்னால் தலைமுடியை நேராக்கிவிடுவது என் பொறுப்பு. சாமான் ஒன்றே ஒன்றுதான். மரக் கைப்பிடி போட்ட, முதுகு கனத்த பித்தளைச் சீப்பு. அதைக் கரி நெருப்பில் சூடாக்கி, நன்றாகக் காய்ந்த முடியில் எண்ணெயைத் தொட்டும் தொடாமலும் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வகிர்ந்து எடுத்து இழுக்க வேண்டும். சீப்பை முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்ப்பேன். காகிதம் மஞ்சளானால் சூடு சரி. கருகினால் ஆறவிட வேண்டும். கொழும்பில் குண்டு விழுந்ததும் துரைசானி வீட்டைப் பூட்டிக்கொண்டு மலைப் பக்கம் போய்விட்டாள். போகும்போது சீப்பை எனக்கே கொடுத்தாள். தூத்துக்குடிக்கு வந்து இறங்கினால், என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தோணி யுத்தத்தால் பாதி நாள் கரையிலேயே கிடந்தது. நான் சீப்பையும் அடுப்பையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பினேன்.

கரி பஸ்

முதல் வேலை ஒரு மளிகைக்கடை அண்ணாச்சி வீட்டில். அவர் மகள் பொன்னுத்தாயைப் பெண் பார்க்கச் சாத்தான்குளத்திலிருந்து வருகிறார்கள், பத்தரை மணிக்கு வந்துவிடுவார்கள் என்று விடியும் முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். பொன்னுத்தாய்க்கு உச்சந்தலையிலிருந்தே சுருட்டை. மூன்று மணி நேரம் இழுத்தேன். முடித்தபோது பின்னல் இடுப்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அதுவரை அவள் முடி அவ்வளவு நீளம் என்று அவளுக்கே தெரியாது. அண்ணாச்சி சம்சாரம் அந்தப் பின்னலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, ஆட்களைக் காணோம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களைக் கரிப்புகையில் ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் பஸ் வழியில் நின்றுவிட்டது. மூன்று மணிக்குக் கடல்காற்று எழும்பியது. அந்த உப்புக்காற்றின் ஈரம் பட்டால் நேராக்கிய முடி திரும்பச் சுருண்டுவிடும் என்று நாங்கள் ஓடி ஓடி ஜன்னல்களை அடைத்தோம். வீடு வெந்தது, பெண்ணுக்கு வியர்த்தது. காற்று செய்யாததை வியர்வை செய்தது. ஐந்து மணிக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தபோது நெற்றியைச் சுற்றி எல்லாம் பழையபடி சுருண்டு நின்றது. பொன்னுத்தாய் நிமிரவே இல்லை. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஓரமாக இருந்தார். பஸ் தூசிக்காகக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தோம். அவருடைய அம்மா எழுந்து வந்து, பொன்னுத்தாயின் நெற்றி முடியை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணாச்சி சம்சாரத்திடம் சொன்னாள்: "மயினி, இதுக்கா ஜன்னலை அடைச்சு எங்களையும் சேத்து வேக வைக்கிய? எம் மவன் தலைத் துண்டை அவுத்துப் பாருங்க, இத விட ரெண்டு சுத்து கூடவே சுருண்டிருக்கும்."

இஸ்திரிப் பெட்டி

சுங்க ஆபீஸ் குமாஸ்தா ஒருவரின் மகள் கமலம். பக்கத்து வீட்டில் நான் வேலை செய்வதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தாள். சூடும் அழுத்தமும்தானே, அதற்கு எதற்கு ஒரு ஆள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தலையை மேசையில் சாய்த்து, முடியைத் துவாலை மேல் பரப்பி, அப்பாவின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிடும்படி அக்காளிடம் சொல்லியிருக்கிறாள். இடது பக்கம் வெகு அழகாக வந்தது. வினையே அதுதான். அந்தத் தைரியத்தில் வலது பக்கத்துக்குப் புதுக் கரி போட்டு விசிறியிருக்கிறார்கள்.

என்னைக் கூப்பிட்டபோது வலது பக்கத்தில் ஒரு முழம் முடி பெட்டியின் அடியில் ஒட்டியிருந்தது. தெரு முழுக்கக் கோழி பொசுக்கிய வாடை. நான் சீப்பை எடுக்கவே இல்லை, கத்தரிக்கோலைத்தான் எடுத்தேன். இரண்டு பக்கத்தையும் தோளளவுக்குச் சமமாக வெட்டி முடிப்பதற்குள் குமாஸ்தா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். மகள் அழுவதையும் பார்த்தார், பெட்டியின் அடியையும் திருப்பிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "காலையில என் ஷர்ட்டுக்கு மட்டும் கரி ஷார்ட்டேஜ்னு சொன்னீங்களே, இதுக்கு எங்கேருந்து சப்ளை வந்தது?"

விருந்தாளி

காயல்பட்டணத்தில் எனக்கு நல்ல பெயர். ஒரு வீட்டுக்குப் போனால், பெண்கள் மட்டும் புழங்குகிற முடுக்குச் சந்து வழியாக அப்படியே நாலு வீட்டுக்குப் போய்விட்டு வரலாம். ஆயிஷா என்று ஒரு சுருட்டைக்காரி. அவளைக் கட்டிய மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ரத்தினக்கல் வியாபாரம். யுத்தம் வந்து கடல் வழி அடைபட்டதில் மூன்று வருஷமாக வர முடியவில்லை. எப்போதோ ஒரு கடிதத்தில், அங்கே பெண்களின் முடி பட்டுநூல் மாதிரி இருக்கிறது என்று சும்மா ஒரு வரி எழுதிவிட்டார். அந்த ஒரு வரியை இவள் மூன்று வருஷமாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை வருகிறார் என்று தெரிந்ததும் வியாழக்கிழமையே எனக்கு ஆள் வந்துவிட்டது.

வெள்ளி காலையில் உள்வீட்டில் உட்கார வைத்து வேலையை முடித்தேன். பட்டுநூலேதான். இடுப்பு வரைக்கும் விரித்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நின்றாள். சொன்ன நேரத்துக்கு முன்பே அவர் வந்துவிட்டார். "ஆயிஷா" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே காலை வைத்தவர், அவள் முதுகைப் பார்த்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளிவீட்டுக்குப் போய்விட்டார். அவர் உம்மாவிடம் கோபமாகச் சொல்வது எங்களுக்குக் கேட்டது: "அந்நியப் பொம்பளை உள்ள இருக்காவன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா உம்மா?"

ஆயிஷா சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. பிறகு முடியை இரண்டு கையாலும் அள்ளி முடிந்துகொண்டு என்னிடம் சொன்னாள்: "அடுப்பை அணைச்சிராதீங்க அக்கா, அதுலயே வெந்நி போடுங்க, நான் தலை முழுகணும்."

செண்பகத்தின் வழக்கு

கல்யாண வீடுகளில் என்னோடு வருகிறவள் பூக்காரி செண்பகம். நல்ல சிநேகிதி. ஆனால் நான் வேலை பார்த்த தலையில் பூ வைப்பது என்றால் அவளுக்கு ஆகாது. சுருட்டை முடி பூச்சரத்தைப் பிடித்துக்கொள்ளும். சீப்பு போட்ட முடி வழுக்கும். ஒரு கல்யாணத்தில் பெண் குனிந்து கும்பிட்டதும் நாலு முழம் பிச்சிப்பூச் சரமும் நழுவி, ஆசீர்வாதம் செய்ய வந்த பெரியவரின் காலடியில் விழுந்தது. அவர் தனக்குத்தான் என்று நினைத்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். செண்பகம் என் பக்கம் திரும்பினாள்: "ஏளா, நீ வேலி முள்ளை எல்லாம் வெட்டிட்டுப் போயிருத, எங்கொடி எதுல படரும்?"

கல்யாணக் காலை

இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் இந்த வேலையைச் செய்தவர்கள் யாரும் சூடு வைக்காமல் தப்பியதில்லை என்பதால் சொல்கிறேன்.

செலின், சங்கு குளிக்கிறவர் ஒருவரின் மூத்த மகள். அன்றைக்குக் காலை பூசையில் கல்யாணம். கடைசி வகிட்டில் இருந்தேன். வாசலில் யாரோ "மாப்பிள்ளை கோயிலுக்குப் போயாச்சு" என்று கத்த, அவள் திரும்பினாள். சீப்பின் முதுகு அவள் காதின் மேல்மடலில் பட்டது. சுர்ரென்று சத்தம் கேட்டது எனக்கு. என் கை அப்படியே நின்றுவிட்டது. செலின் கத்தவில்லை. என் முழங்காலை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள், "அம்மை கேட்டா தீச்சூடு கெட்ட சகுனம்னு ஊரைக் கூட்டிரும். பேசாம முடிங்க." முட்டை வெள்ளைக்கருவைத் தடவி, முடியை இழுத்துக் காதை மூடிப் பின்னினேன். அதன் மேல் லேஸ் வைத்த நெட்டு முக்காடு. அந்த லேஸ்தான் கொடுமை. அவள் தலையை அசைக்கிறபோதெல்லாம் அது புண்ணில் உரசியிருக்க வேண்டும்.

கோயிலில் கடைசி வரிசையில் நின்றேன். செலின் பூசை முழுக்க லேஞ்சித் துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டே இருந்தாள். பெற்றவர்களைப் பிரிகிறாளே, பாசமான பிள்ளை என்று என் பக்கத்தில் இருந்தவர்கள் தங்கள் கண்ணையும் துடைத்தார்கள். அவள் அப்பா வாய்விட்டே அழுதார். நான் விருந்துக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு வாரம் சீப்பைத் தொடவும் இல்லை. எட்டாம் நாள் ஒரு குப்பித் தேனை எடுத்துக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று போனேன். மாமியார் என்னை உட்கார வைத்து, இப்படிப் பிறந்த வீட்டுப் பாசம் உள்ள மருமகளை இந்தத் தெருவே பார்த்ததில்லை என்று பெருமை பேசினாள். செலின் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போய், முடியை ஒதுக்கிக் காதைக் காட்டினாள். புண் ஆறிக்கொண்டிருந்தது. "பாத்தீங்களா எக்கா," என்றாள், "உங்க சீப்பு வாங்கித் தந்த பேரை வச்சு நான் இந்த வீட்டுல பத்து வருசம் ஓட்டிருவேன்."

தருவைகுளத்து அந்தோனியம்மாள்

எல்லாரும் என்னைத் தேடிக் கூப்பிடுவார்கள். அந்தோனியம்மாள் மட்டும் தருவைகுளத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கே நடந்து வந்தாள். மகள் திரேசுக்குப் பன்னிரண்டு வயது. விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தவள். காய்ச்சலில் இடுப்பளவு இருந்த முடி எல்லாம் கொட்டிவிட்டது. ஆறு மாதம் கழித்து இப்போது மூன்று விரல் நீளத்துக்கு முளைத்திருக்கிறது, எல்லாம் சுருட்டை. "முன்னால நூல் பிடிச்ச மாதிரி நேரா இருந்துச்சு. இது அந்த முடி இல்ல. காய்ச்சல் இன்னும் தலைக்குள்ள நிக்கி, அதுதான் சுருளுது. நீங்க இழுத்து நேராக்கி விட்டிருங்க," என்றாள்.

நான் முடியாது என்றேன். நோயில் முளைத்த முடி பிஞ்சு, சூடு பட்டால் மறுபடி உதிர்ந்துவிடும், காய்ச்சலுக்குப் பிறகு முடி சுருட்டையாக முளைப்பது எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கிறது, பயப்படாதே என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தை என் முன்னால் தள்ளினாள். அது போதாது என்று நான் நினைக்கிறேனோ என்று காதில் கிடந்ததைக் கழற்றப் போனாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கோபத்தில் எழுந்துவிட்டாள். திரேஸ் மட்டும் நகரவில்லை. நடந்த களைப்பில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள்.

சும்மா அனுப்ப மனசு வரவில்லை. அடுப்பு பற்றவைக்காமல், முற்றத்துச் செம்பருத்தி இலையைக் கசக்கி வழுவழுப்பான தாளி எடுத்து, அந்தக் குட்டை முடியில் பூசிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசினேன். பித்தளைச் சீப்பை எடுக்கவில்லை. அகலப் பல் வைத்த மரச்சீப்பை அந்தோனியம்மாள் கையில் கொடுத்து, நீயே வாரு என்றேன். வாங்கினாள். தலையில் வைக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, காய்ச்சலுக்குப் பிறகு அவள் அந்தத் தலையை வாரவே இல்லை என்று. கடைசியாக வாரியபோது கொத்துக் கொத்தாகக் கையோடு வந்திருக்கிறது. திரேஸ்தான் கண்ணைத் திறக்காமல், "வாரும்மா" என்றாள். நெற்றியிலிருந்து பிடரி வரைக்கும் ஒரு தடவை, பிறகு இரண்டு தடவை அந்தோனியம்மாள் மெள்ள இழுத்தாள். முடி கொஞ்சம் படிந்தது, பிறகு சுருண்டுகொண்டது. அவள் அதைப் பார்க்கவில்லை. சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பல் பல்லாகப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள்: "எக்கா, இங்கன பாருங்க, ஒண்ணுகூடச் சீப்போட வரல."

இத்தனை தலைகளைப் பார்த்ததில் நான் நிரந்தரமாக நேராக்கியது ஒன்றுகூட இல்லை, ஆனால் ஒரு தடவை நேராக்கினால் நேராகவே நின்றுவிடுகிற முடியாக இருந்திருந்தால் இரண்டாவது மாதமே நான் பட்டினி கிடந்திருப்பேன் என்பதால், உப்புக்காற்றைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை.